கீமோ நாட்களில் குமட்டலும் மனச்சோர்வும்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்ஃபமைடும் சேர்ந்த 'ஏசி' மருந்து பெறுபவர்களையும், அவர்களுக்குத் துணையிருப்பவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டது. ஏசி பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை, சிலருக்கு 14 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 4 சுற்று. அதன்பின் பாக்ளிடாக்ஸெல் அல்லது டோசிடாக்ஸெல் வரும். மாத்திரைகளின் அளவுகள் புரிதலுக்காகத் தரப்பட்டுள்ளன; உங்கள் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கீமோ என்றாலே வாந்திதானா? எல்லாருக்கும் ஒரே மாதிரியா வரும்?

இல்லை. மருந்தைப் பொறுத்து நிறைய மாறும். வார்டில் எல்லாரும் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்ஃபமைடோடு சேரும்போது, வாந்தியை மிக அதிகமாகத் தூண்டும் பிரிவில் வருகிறது. பாக்ளிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் இரண்டும் குறைவாகத் தூண்டும் பிரிவு. அதனால் முதல் 4 சுற்றில் பட்டபாட்டை வைத்து அடுத்த மருந்துக்கும் அப்படியே இருக்குமென்று பயப்படத் தேவையில்லை. டோசிடாக்ஸெலோடு கார்போபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து சேர்ந்தால் மட்டும் குமட்டல் தடுப்பு மீண்டும் பலமாக வேண்டும்.

ஆளைப் பொறுத்தும் மாறும். 50 வயதுக்குக் கீழே உள்ள பெண்கள், மசக்கையின்போது கடுமையாக வாந்தி எடுத்தவர்கள், பேருந்துப் பயணத்தில் வயிறு பிரட்டுகிறவர்கள், மிகுந்த பயத்தோடு வருகிறவர்கள் ஆகியோருக்குக் குமட்டல் கூடுதலாக வரும். "எனக்கு மசக்கையில் அஞ்சு மாசம் வாந்தி" என்று முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பழைய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டு மருத்துவர் ஒரு மாத்திரையைக் கூட்ட முடியும்.

ஊசி போட்ட அன்று நன்றாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் ஏன் இப்படிப் புரட்டுகிறது?

ஏனென்றால் இவை இரண்டு வெவ்வேறு குமட்டல்கள். மருந்து ஏறிய சில மணி நேரத்தில் சிறுகுடல் சுவரின் செல்கள் செரோட்டோனினை வெளியிடும். அது நரம்பு வழியே மூளையின் வாந்தி மையத்தைத் தட்டும். இது முதல் 24 மணி நேரத்துக் குமட்டல். அடுத்தது 2ஆம் நாளில் தொடங்கி 5ஆம் நாள் வரை நீளும். இதில் மூளையில் வேலை செய்யும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறொரு பொருளுக்கு முக்கியப் பங்கு. முதல் குமட்டலை அடக்கும் ஆண்டான்செட்ரான் (எமிசெட் என்றால் பலருக்குத் தெரியும்) இரண்டாவதை அவ்வளவாக அடக்காது. "எமிசெட் போட்டும் கேக்கல" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால்தான் ஏசிக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த தடுப்பு இன்று பரிந்துரைக்கப்படுகிறது. வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்: முதல் நாள் பாலோனோசெட்ரான் (ஆண்டான்செட்ரான் வகை மருந்து) 0.25 மி.கி. ஊசி, கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன் அப்ரெபிடன்ட் (சப்ஸ்டன்ஸ் பியின் வேலையைத் தடுப்பது) 125 மி.கி., 2, 3ஆம் நாட்களில் 80 மி.கி.; முதல் நாள் டெக்ஸாமெதாசோன் 12 மி.கி.; முதல் 4 இரவுகள் ஓலன்சபைன். டெக்ஸாமெதாசோன் சிலருக்கு முதல் நாளோடு நிற்கும், சிலருக்கு 4ஆம் நாள் வரை தொடரும்.

வாந்தி வந்தால் மட்டும் மாத்திரை போட்டால் போதாதா?

போதாது. இவை தடுப்பு மாத்திரைகள். குமட்டல் இல்லாவிட்டாலும் எழுதிக் கொடுத்த நாள்வரை நேரத்துக்குப் போட வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று 2ஆம் நாள் நிறுத்தியவர்கள்தான் 3ஆம் நாள் இரவு சிரமப்படுகிறார்கள். இவற்றைத் தவிர, தடுப்பையும் மீறி வந்தால் போட ஒரு மாத்திரை உண்டு. சீட்டில் இவை இரண்டையும் தனித்தனியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

ஓலன்சபைன் மனநோய்க்கான மாத்திரை என்று இணையத்தில் போட்டிருக்கிறதே?

மனநோய்க்கும் தருவார்கள், இங்கே குமட்டலுக்காகத் தருகிறார்கள். குமட்டலைத் தூண்டும் பல வழிகளை அது ஒரே நேரத்தில் அடைக்கிறது. வீட்டில் யாராவது பெயரைத் தேடிப் பார்த்துப் பயந்து, நோயாளிக்குச் சொல்லாமலே நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏசிக்குப் பின் 2 முதல் 5ஆம் நாள் வரை நீளும் குமட்டலுக்கு இதைவிட உதவும் மாத்திரை மிகக் குறைவு.

தூக்கக் கலக்கம் தரும். இரவு படுக்கும்முன் போடுங்கள். எழும்போது மெதுவாக எழுந்திருங்கள். பகலெல்லாம் கிறங்கினால் அளவைக் குறைக்கக் கேளுங்கள். மும்பை டாடா மெமோரியலில் பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்து நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், 2.5 மி.கி. அளவு 10 மி.கி.க்கு ஏறக்குறைய இணையாக வாந்தியைத் தடுத்தது. பகல் தூக்கம் தெளிவாகக் குறைந்தது.

எல்லாம் போட்டும் குமட்டுகிறது. பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லையா?

பொறுத்துக்கொள்ள வேண்டாம். குமட்டினால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது தவறான நம்பிக்கை. குமட்டலுக்கும் கட்டி கரைவதற்கும் தொடர்பில்லை. செவிலியரிடமோ மருத்துவரிடமோ "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த சுற்றுக்கும் அதே சீட்டுதான் கிடைக்கும். அப்ரெபிடன்ட் சேர்க்கலாமா, ஓலன்சபைன் சேர்க்கலாமா, அமிலச் சுரப்புக்கு மாத்திரை வேண்டுமா என்று நேரடியாகவே கேளுங்கள். விலையால் ஏதாவது ஒரு மருந்து விடப்பட்டிருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓலன்சபைன் விலை குறைந்த மாத்திரை.

மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மாத்திரை போட்டபின் கழுத்து ஒருபக்கம் இழுத்தாலோ, தாடை இறுகினாலோ, கண் மேலே செருகினாலோ, உட்காரவே முடியாத தவிப்பு வந்தாலோ, அது பக்கவாதமோ பயமோ அல்ல, மாத்திரையின் விளைவு. இளம் வயதினருக்கு அதிகம் வரும். உடனே மருத்துவமனைக்குப் போனால் ஊசியில் விரைவில் சரியாகும். ஓலன்சபைனோடு இதைச் சேர்த்துப் போடக் கூடாது.

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். திரும்பப் போடலாமா?

அரை மணி நேரத்துக்குள் வந்து, வாந்தியில் மாத்திரை முழுதாகத் தெரிந்தால் பெரும்பாலும் மறுபடி போடச் சொல்வார்கள். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போடுங்கள். எதுவுமே தங்காவிட்டால் நாக்கில் கரையும் வகையோ ஊசியோ கேளுங்கள்.

நான்கு நாளாக மலம் போகவில்லை. அதற்கும் குமட்டலுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு, பலரும் கவனிக்காத காரணம் இதுதான். ஆண்டான்செட்ரானும் பாலோனோசெட்ரானும் குடலின் அசைவைக் குறைக்கும். சாப்பாடும் தண்ணீரும் குறைவாக உள்ளே போகும், படுத்தே இருப்போம், மலம் கட்டிவிடும். கட்டினால் வயிறு உப்பி மறுபடி குமட்டும். அந்தக் குமட்டலுக்கு இன்னொரு எமிசெட் போட்டால் இன்னும் கட்டும். கீமோ அன்றிரவே மலமிளக்கியைத் தொடங்கலாமா என்று கேட்டு வையுங்கள். இசப்கோல் போடுகிறவர்கள் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்க முடிந்தால் மட்டுமே போட வேண்டும்; இல்லாவிட்டால் அதுவே அடைக்கும். மருத்துவரைக் கேட்காமல் எனிமா வேண்டாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அங்கே ஏற்படும் சிறு கீறலும் தொற்றுக்கு வழி.

என்ன சாப்பிடலாம்? சமையல் வாசனையே ஆகவில்லை.

முதலில் வாசனையைக் கவனிப்போம், ஏனென்றால் பலருக்குக் குமட்டல் தொடங்குவது வாயில் இல்லை, மூக்கில். கொதிக்கும் சோற்று ஆவி, தாளிக்கும் புகை, காய்ந்த எண்ணெய், கருவாடு, ஃபினாயில், ஊதுபத்தி, சிலருக்கு மல்லிகைப்பூகூட ஆகாது. முதல் 5 நாள் வேறு யாராவது சமைக்கட்டும். நீங்கள் அடுப்படியிலிருந்து தள்ளியிருக்கும் அறையில் இருங்கள். உதவிக்கு ஆளில்லாவிட்டால் கீமோவுக்கு முந்தைய நாளே மாவு அரைத்து, பொரி, ரஸ்க், சத்துமாவு எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவி பறக்கும் உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு. இட்லியை ஆறவைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும், நிறைந்த வயிறும் கூட்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து உட்காரும் முன்பே ரஸ்கோ பொரியோ இரண்டு வாய். பிறகு ஒரு இட்லி. நடுவில் நீர்மோர். மதியம் பருப்பு சேர்த்துக் குழைந்த சோறு, அல்லது புளிக்காத தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துளியும். வாய்ப்புண் இருந்தால் ஊறுகாய் வேண்டாம். மாலையில் நன்றாக வெந்த முட்டை அல்லது வேகவைத்த பாசிப்பயறு. இரவு இடியாப்பம், கஞ்சி. சாப்பாட்டோடு தண்ணீரை நிறையக் குடிக்காமல், அரை மணி இடைவெளி விட்டுக் குடியுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது சாய்ந்து உட்காருங்கள்.

எவர்சில்வர் கரண்டியில் சாப்பிட்டால் இரும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். பீங்கான் தட்டும் மரக் கரண்டியும் உதவும். ஒரு டம்ளர் வெந்நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து ஆறவைத்து, சாப்பிடும் முன் வாய் கொப்பளித்தால் அந்த ருசி கொஞ்சம் போகும்.

தண்ணீர்: இதயம், சிறுநீரகத் தொல்லை இல்லாதவர்கள் நாளுக்கு 2 லிட்டராவது குடிக்க வேண்டும். சைக்ளோபாஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையை அரிக்கும் என்பதால் அடிக்கடி சிறுநீர் கழிப்பது அவசியம். முதல் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது அந்தச் 'சிவப்பு மருந்தின்' நிறம். அதற்குப் பிறகும் சிவந்தாலோ எரிந்தாலோ சொல்லுங்கள்.

வாந்தி எடுத்தால் அரை மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் ஓஆர்எஸ் அல்லது உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு. தாகத்தில் மடமடவென்று குடித்தால் திரும்ப வந்துவிடும்.

சர்க்கரை புற்றை வளர்க்கும், பால் கூடாது என்று அக்கம்பக்கத்தில் நிறையச் சொல்வார்கள். நீரிழிவு இல்லாதவர் எதையும் சாப்பிட முடியாத நாளில் ஒரு இனிப்பு உள்ளே போனால் அது நல்லதே. ஒரு மாதத்தில் 60 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இஞ்சி, சுக்குக் கஷாயம், நாட்டு மருந்து?

இஞ்சித் துண்டு போட்ட தேநீர், சுக்குமல்லிக் காபி சமையல் அளவில் பிரச்சினையில்லை. சிலருக்கு இதமாக இருக்கும். மாத்திரைக்கு மாற்றாகாது. தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்தவர்களும் ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்களும் நிறைய இஞ்சி எடுக்க வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சள்சத்து மாத்திரை வேறு. பின்னது கீமோ நாட்களில் வேண்டாம். லேகியம், பொடி, கஷாயம் எதுவானாலும் டப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால், கல்லீரல் பரிசோதனை மாறிவரும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

மருத்துவமனை வாசலைப் பார்த்தாலே வயிறு பிரட்டுகிறது. மருந்து இன்னும் ஏறவேயில்லை. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. ஸ்பிரிட் வாசனை, அந்த நாற்காலி, சிவப்பு ஊசி, ஏன், மருத்துவமனைக்குத் திரும்பும் தெருமுனைகூட, முந்தைய வாந்தியோடு மூளையில் பிணைந்துவிடுகிறது. இரண்டாம், மூன்றாம் சுற்றில்தான் இது தலைகாட்டும். வந்தபின் சாதாரண வாந்தி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாக உதவாது. முதல் சுற்றிலேயே குமட்டலை நன்றாக அடக்குவதுதான் உண்மையான தடுப்பு.

வந்துவிட்டால் மருத்துவர் முந்தைய இரவும் அன்று காலையும் பதற்றத்தைக் குறைக்கும் லோரசெபாம் போன்ற மாத்திரையைச் சிறு அளவில் தரலாம். அதோடு தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியையும் 5 நொடி இறுக்கி, மூச்சை விட்டபடி 15 நொடி தளர்த்துங்கள்: பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள், முகம். அறுவை நடந்த பக்கத்துக் கையையும் ஊசி போட்ட கையையும் விட்டுவிடுங்கள். குமட்டல் இல்லாத நாட்களில் வீட்டில் தினம் 10 நிமிடம் பழகியிருந்தால்தான் கீமோ நாற்காலியில் கைகொடுக்கும். முதல்முறையாக அங்கே செய்து பார்த்துவிட்டு "பலிக்கவில்லை" என்று விடுபவர்கள் நிறைய.

இன்னொன்று. கீமோ அன்று உங்களுக்கு மிகவும் பிடித்த உணவைச் சாப்பிடாதீர்கள். அம்மா கைப்பக்குவ வத்தக்குழம்பு அந்த வாந்தியோடு பிணைந்துவிட்டால் மாதக்கணக்கில் அதைத் தொட முடியாது.

எப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்க வேண்டாம். 7 முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் உயிருக்கு ஆபத்து. அதுபோலவே, 24 மணி நேரத்தில் 4, 5 முறைக்கு மேல் வாந்தி, தண்ணீர்கூடத் தங்காமை, 8 மணி நேரமாகச் சிறுநீர் வராமை, எழுந்தால் கண் இருட்டுவது, வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் போன்ற நிறம், கடும் வயிற்றுவலி.

வாந்தியைச் சுத்தம் செய்பவருக்கு ஆபத்து உண்டா?

கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கழிப்பறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள், நனைந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். தொடுவது, கட்டிப்பிடிப்பது, பக்கத்தில் படுப்பது எதற்கும் தடையில்லை. பேரப்பிள்ளையைத் தள்ளி வைக்காதீர்கள். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் கொஞ்சம் விலகியிருக்கட்டும்.

முதல் இரண்டு நாள் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு, பிறகு காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ஏன்?

டெக்ஸாமெதாசோன் ஒரு ஸ்டீராய்டு. போடும் நாளில் தூக்கம் வராது, பேச்சு கூடும், வீட்டையே துடைத்து வைக்கத் தோன்றும். நின்ற மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடலும் மனமும் சரியும்; சிலருக்கு எரிச்சல், சிலருக்கு அழுகை. குமட்டல் உச்சத்தில் இருக்கும் அதே நாட்கள்தான் இவை. எனவே 'நான் உடைந்துவிட்டேன்' என்று முடிவுகட்ட வேண்டாம். நாட்காட்டியில் 3, 4, 5ஆம் நாட்களைக் குறித்து வையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். பெரிய முடிவுகளையும் சண்டைக்கு வாய்ப்புள்ள பேச்சையும் அந்த மூன்று நாள் கடந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெதாசோனைக் காலையில் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் இரவுத் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் சர்க்கரையைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

எது வருத்தம், எது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு?

வருத்தம் அலைபோல வரும், நடுவில் விலகும். பேத்தி சிரித்தால் நீங்களும் சிரிப்பீர்கள். மனச்சோர்வில் அந்த இடைவெளி இராது. இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்கள், மனம் கனத்தே இருக்கிறதா? முன்பு பிடித்தவற்றில் நாட்டமே போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றைக் கீமோவே தருவதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. "என்னால் எல்லாருக்கும் பாரம்", "இது எனக்குத் தண்டனை" என்ற நினைப்பு ஓயாமல் வந்தால், அதை நோயின் குரலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றும். மாதவிடாய் திடீரென்று நின்று உடல் தகிப்பும் இரவு வியர்வையும் தூக்கத்தைக் கெடுப்பதும் ஒரு காரணம்.

"தைரியமா இரு, பாசிட்டிவா நினை" என்கிறார்கள். அழுதால் நோய் கூடுமா?

கூடாது. அழுததால் புற்று வளர்ந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. இதைச் சொல்கிறவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவர் அதற்குப்பின் வாயைத் திறப்பதே இல்லை. துணையிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "இன்னிக்கு எப்படி இருக்கு? சும்மா பக்கத்துல உக்காரட்டுமா?" என்று கேளுங்கள். பதிலுக்கு அறிவுரை வேண்டாம்.

முதல் ஏசிக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டும். மார்பை இழந்ததைவிட இது அதிகம் வலித்தது என்று சிலர் சொல்வார்கள். அதை அற்பம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வதா, கொட்டும்வரை விடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறேன். எழுந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்?

தெம்பு வந்தபின் நடக்கலாம் என்று காத்திருந்தால் தெம்பு வராது. கீமோ சோர்வில் முறை தலைகீழ். 10 நிமிட நடையில் தொடங்குங்கள், வாசல்வரை என்றாலும் சரி. 21 நாள் சுற்றில் 15 முதல் 21ஆம் நாள் வரை பெரும்பாலும் உடல் தேறியிருக்கும். அப்போது 30 நிமிடம்வரை கூட்டலாம். மயக்கம், மூச்சிரைப்பு, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். நாளுக்கு ஒரே ஒரு வேலையை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: செடிக்குத் தண்ணீர், ஒரு தொலைபேசி அழைப்பு, பூக்கட்டுவது. மனம் இருந்தால் செய்வேன் என்று விடாமல், குறித்த நேரத்தில் செய்யுங்கள். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையிலும் இது ஒரு முக்கியப் பகுதி.

மனச்சோர்வு மாத்திரையைக் கீமோவோடு எடுக்கலாமா? பழகிவிடாதா?

எடுக்கலாம். இவை போதை தருபவை அல்ல. ஆனால் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். எஸ்சிட்டலோபிராம் போன்றவை முதல் வாரம் தாமே கொஞ்சம் குமட்டும் என்பதால், ஏசி போட்ட வாரத்தில் தொடங்குவதைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஆண்டான்செட்ரானோடு சேர்ந்தால் இதயத்துடிப்பின் தாளத்தைப் பாதிக்கலாம். ஒரு இசிஜி பார்ப்பது நல்லது. மிர்ட்டாசபின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும். அதனால் குமட்டலும் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள்.

கீமோவுக்குப்பின் டமாக்சிபென் (புற்று திரும்ப வராமல் தடுக்கத் தரும் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை) எடுக்கவிருப்பவர்கள் மனநல மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்செட்டின், ஃபுளூவாக்செட்டின், புப்ரோபியான் மூன்றும் டமாக்சிபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வேறு மருந்துகள் இருக்கின்றன.

இனி வேண்டாம், கீமோவை நிறுத்திவிடலாம், செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

இதைச் சொல்ல முடிந்ததே பெரிது. வீட்டில் ஒருவரிடம் இன்றே, இதே வார்த்தையில் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 14416 (டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 104 ஆகிய எண்களில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புற்றுநோயாளிகளுக்கென்றே உளவியல் துறை உண்டு. மற்ற மருத்துவமனைகளிலும் ஆலோசகரைக் கேளுங்கள். எப்படிச் செய்வது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால் தனியாக இருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். வீட்டார் அன்றே மாத்திரைப் பெட்டியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். "செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, தயங்காமல் கேளுங்கள்.

கீமோவைத் தொடர்வதா என்ற கேள்வியை, குமட்டலும் மனமும் தேறிய மூன்றாம் வாரத்தில் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அளவைக் குறைப்பது, இடைவெளியைக் கூட்டுவது, மருந்தை மாற்றுவது என்று தொடர்வதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் வழிகள் இருக்கலாம்.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் என்ன சொல்வது? அங்கே போனால் எல்லாம் மறந்துவிடுகிறது.

ஒரு 40 பக்க நோட்டுப் போதும். கீமோ நாளை 1 என்று வைத்து, தினம் இரவு ஒரு வரி: குமட்டல் 0 முதல் 10க்குள் எவ்வளவு, வாந்தி எத்தனை முறை, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, மலம் போனதா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனம் 0 முதல் 10க்குள் எவ்வளவு. எழுதக் களைப்பாக இருந்தால் மகளோ கணவரோ எழுதட்டும். "3ஆம் நாள் 8, இரவு இரண்டு முறை வாந்தி, 4ஆம் நாள் முழுக்க அழுகை, மலம் 5ஆம் நாள்தான்" என்று எழுதிய பக்கத்தை மருத்துவர் முன் திறந்து வையுங்கள். இரண்டு நிமிடச் சந்திப்பிலும் அவர் எந்த மாத்திரையை எந்த நாளுக்கு மாற்றுவது என்று அதிலிருந்தே முடிவு செய்ய முடியும்.